பூஜ்யம்

வவாவுத் தீவில் எங்கள் சபைக்கு
அன்று மிசினாலே.
வருடத்துக்கு ஒருமுறை
குடும்பம் குடும்பமாகக் காணிக்கை வைக்கும் நாள்.
பெயரையும் தொகையையும்
ஒலிபெருக்கியில் வாசிப்பவன் நான்,
பதினோரு வருடமாக.
நல்ல குரல் என்பார்கள்.

இடுப்பில் பாய் சுற்றி
வியர்வையில் அது அரிக்க அரிக்க
வாசித்தேன்.
ஆயிரத்து இருநூறு பாங்கா. ஆமென்.
எண்ணூறு. ஆமென்.
ஈராயிரம். இதற்கு ஆமென் கொஞ்சம் நீளும்.
விதவை ஒருத்தி பன்றியை விற்று வைத்த நானூறுக்கு
பாடகர் குழு எழுந்து நின்றது.

என் வீட்டின் தொகை மூவாயிரம்.
அதை என் வாயால் வாசிக்கலாகாதென்று
பக்கத்தில் இருந்தவரிடம் தாளை நீட்டினேன்.
தாழ்மை,
அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து இசிலேலியின் உறை.
பணம் இல்லை.
பாதியாய்க் கிழித்த கோடு போட்ட தாள்:
இந்த வருடம் பூஜ்யம்.
அப்பாவின் காலுக்குக் கட்டுத் துணி, மருந்து,
வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் படகு எண்ணெய்.
மீதி இல்லை. இப்படியே வாசிக்கவும்.

நான் இருமினேன்.

அவன் அப்பா ஃபிலிமோனேயை ஊருக்கே தெரியும்.
சர்க்கரை தின்னத் தொடங்குமுன்
அது உதைக்கிற கால்.
இசிலேலிக்கு இடது காது
இன்றும் பாதிதான் கேட்கும்;
ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே
அவன் உட்காருவது அதனால்.
பதினேழு வயதில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு
எங்கள் கொப்பரைக் கொட்டகையில்
மூன்று மாதம் படுத்துக் கிடந்தான்.

ஒருநாள் கேட்டேன்,
அந்தப் புண்ணைக் கழுவும்போது
என்ன நினைத்துக்கொள்வாய் என்று.
தண்ணீர் சூடு சரியா என்று, என்றான்.
மன்னித்துவிட்டாயா?
கட்டு மாற்றுகிற நேரம், அதைக் கேட்காதே.
பிறகு அவனே சொன்னான்:
நேசி என்று கட்டளையில் இல்லை,
கனம்பண்ணு என்றுதான் இருக்கிறது.
கனம் என்றால் தூக்கித்தானே ஆகவேண்டும்?
கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினெட்டு அடி.
தொண்ணூற்று மூன்று கிலோ.

வாசித்தேன்.
இசிலேலி குடும்பம். பூஜ்யம்.
ஆமென் வரவில்லை.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி
நிறுத்திக்கொண்டார்கள்.
மிச்சத்தையும் வாசித்தேன்:
கட்டுத் துணி.
மருந்து.
படகு எண்ணெய்.
ஒவ்வொன்றையும் ஒரு தொகைபோல நிறுத்தி.
சக்கர நாற்காலியில் ஃபிலிமோனே
ஜன்னலைப் பார்த்தபடி கையால் முகத்தைத் தள்ளினார்.
ஈயாக இருக்கலாம்.

இரவு பணம் எண்ணி முடிந்தது.
இதுவரை இல்லாத வசூல்.
என் மூவாயிரம் எல்லாம் புது நோட்டு,
பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது.
அதில் பாதி,
ஆக்லாந்திலிருந்து தங்கை மெலெனைட்டே
மார்ச்சில் கேட்ட பணம்.
அம்மாவின் கண் அறுவைக்கு.
அது தேவனுக்கென்று நேர்ந்தது, என்றேன்.
அதற்குமேல் அவள் பேசவில்லை.
அந்தப் பெயரைச் சொன்னபின்
யார்தான் பேசுவார்கள்?

பெட்டியைப் பூட்டியாயிற்று.
மூன்று சாவி, மூன்று பேரிடம்.

வீட்டுக்கு வந்து அழைத்தேன்.
அம்மாதான் எடுத்தாள்.
திரையில் பெயர் தெரியாமல்
யாரு, யாரு என்றாள் இரண்டுமுறை.
குரலைக் கேட்டதும் முதல் கேள்வி:
நம்ம வீடு எவ்வளவு வைத்தது?
வருடா வருடம் கேட்பாள்.
அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

பூஜ்யம், என்றேன்.

விளையாடாதே என்று சிரித்தாள்.
குட்டி போட்டதா என்று பன்றியை விசாரித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே
தண்ணீரில் முட்டிக்கொண்டிருந்தது என் படகு.
மோட்டார் போன வருடம் வாங்கியது.
விலை போகும்.

அம்மா, போனைக் கொஞ்சம்
மெலெனைட்டேயிடம் கொடு.