பதினேழாவது வரி

இன்று இரவு வெளியிட வேண்டும்,
பூச்சியம் புள்ளி ஒன்பது.
சாஸ்கடூனில் மைனஸ் முப்பத்திநான்கு.
கீழே தரிப்பிடத்தில் ஒவ்வொரு காரும்
மூக்கிலிருந்து ஒரு வயரைத் தொங்கவிட்டு
சுவரில் சூடு குடித்துக்கொண்டிருக்கிறது.
நான் மாற்றங்களின் பட்டியலை எழுதுகிறேன்.

கிளை ஒன்று விடுபட்டால்
கம்பைலர் இனி முன்கூட்டியே சொல்லும்.
வெறும் கோப்பைக் கொடுத்தால் இனிச் சாகாது.
சென்ற பதிப்புவரை செத்தது;
நாலு வயதுப் பிள்ளை, இருட்டறைக்குப் பயம்.
பிழைச்செய்தியின் அம்பு
பிழைக்குக் கீழேயே நிற்கும்,
பக்கத்து வீட்டு வாசலில் அல்ல.

பதினேழாவது வரியில் கை நிற்கிறது.

ரெஜைனாவிலிருந்து நிரோஜன் எழுதியிருந்தான்:
அக்கா, உங்கட மொழியில
சீட்டுக் கணக்கு ஒண்டு செய்தனான்.
பதினொரு பேர், மாசம் முந்நூறு டொலர்.
கார்த்திகையில பவளராணி அன்ரியின்ர காசு
பூச்சியம் எண்டு காட்டினது.
அவ தந்ததெண்டு சொன்னா.
நாங்கள் கம்ப்யூட்டரை நம்பினனாங்கள்.

நான்கு இரவு தேடினேன்.
ஓரிடத்தில் ‘கொடுத்தது’ என்று எழுதியிருந்தான்.
இன்னோரிடத்திலும் ‘கொடுத்தது’ என்றுதான்.
இரண்டையும் மேலும் கீழுமாய் வைத்து
மயிரிழை வித்தியாசம் காணாமல் விழித்திருந்தேன்.
ஒன்று வீட்டு மடிக்கணினியில் அடித்தது.
மற்றது ஆஸ்பத்திரி இடைவேளையில், போனில்.
ஒன்றில் கொம்பும் காலும் தனித்தனியே நடந்து வந்திருந்தன,
மற்றதில் இரண்டும் ஒரே உடலாய்.
கண்ணுக்கு ஒரு சொல்.
கம்பைலருக்கு இரண்டு பெயர், இரண்டு பெட்டி.
முந்நூறு டொலர் ஒன்றில் கிடக்க
கூட்டும்போது அது கைவிட்டுத் துழாவியது
மற்றதில்.

டேரன் ஃப்ரீசன்தான் இந்த மொழியைத் தொடங்கியவன்.
பகலில் பொட்டாஷ் சுரங்கத்துக்கு ஷிஃப்ட் அட்டவணை போடுகிறான்.
மழைநீர் தேங்கும் வயல் குட்டையின் பெயரை
மொழிக்கு வைத்தான்: ஸ்லூ.
கேட்டான், ‘கொ’ எத்தனை எழுத்து?
ஒன்று, என்றேன்.
எனக்கு இரண்டு காட்டுகிறதே.
நிரோஜனின் போனில் மூன்று, என்றேன்.
வெகுநேரம் பேசவில்லை.
கீபோர்டு சத்தம்கூட இல்லை.

உயிரும் மெய்யும் சேர்ந்தால் ஒன்று.
எங்கள் கம்பைலரோ
பிணப் பரிசோதனைக்காரனைப் போல
பிரித்துப் பிரித்து எண்ணியிருக்கிறது.

திருத்தம் பதினோரு வரி.
பெயரை வாசித்தவுடன், ஒப்பிடுமுன்,
பிரிந்து வந்ததைச் சேர்த்துவிடு.
சோதனை போட்டேன்: கொ, கோ, கௌ.
கௌ விழுந்தது.
சிலர் அங்கே ளகரத்தை வைத்து அடிக்கிறார்கள்,
பார்வைக்குத் தெரிவதில்லை.
அதையும் ஒட்டிவிடலாமே என்றான் டேரன்.
முடியாது, கெளிறு என்றொரு மீன் இருக்கிறது,
ஒட்டினால் அதன் முதுகு முறியும்.

அதனால்தான் இந்தப் புது வசதி.
ஒன்றுபோலத் தெரியும் இரு பெயர்களைக் கண்டால்
கம்பைலர் நின்று கேட்கும்:
தெரிந்துதான் செய்தீர்களா?
முதலில் ‘எச்சரிக்கை’ என்று தொடங்கியிருந்தேன்,
அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

பவளராணி இரண்டாம் தரமும் கட்டினாவாம்.
சீட்டு முடிந்தது; அடுத்ததில் சேரவில்லை.
நிரோஜன் முந்நூறு டொலரோடும்
சரியான கணக்கின் பிரிண்டோடும் போனானாம்.
காசை எண்ணி வாங்கினாவாம்.
தாளை வாங்கவில்லை.

பதினேழு:
பெயர்கள் இனி ஒரே வடிவத்தில் ஒப்பிடப்படும்.
நன்றி, நிரோஜன், பவளராணி.

யார் இந்த இரண்டாம் ஆள், என்கிறான் டேரன்,
ஒரு வரி கோட்கூட இவர் பெயரில் இல்லையே.
பிழையை முதலில் சொன்னவர், என்கிறேன்.
கார்த்திகையிலேயே சொல்லிவிட்டார்.

மணி ஒன்று இருபது. அனுப்பியாயிற்று.
கீழே யாரோ வயரைப் பிடுங்கிச் சுருட்டுகிறார்.
அடியில், தெரிந்த குறைகள் என்ற தலைப்பில்,
இன்னும் ஒன்று விட்டிருக்கிறேன்:
கௌ வரும் வரிகளில் மட்டும்
அம்பு கொஞ்சம் தள்ளி நிற்கும்.