கடல் தின்றது போக

கலந்தர் இரண்டு தவணையில் கொண்டுவந்தான்.
முதலாவது சித்திரையில்,
சீனன்குடாப் பக்கம் வலை சிக்கிக் கிழிந்த இடத்தில் முக்குளித்து.
மற்றது ஆவணியில்,
கொட்டியாரக் குடாவில் பாரைக்குப் போன நாள்.
இரண்டும் உழவு மெசின் பெட்டியில் ஏறி
உட்துறைமுக வீதியில் என் கடை வாசலில் இறங்கியபோது
உள்ளே குடியிருந்த நண்டுகள்
வாடகை பாக்கி வைத்தவர்கள் போல ஓடின.

நான் பழைய இரும்பு வாங்குகிறவள்.
சண்டை எனக்குத் தெரியாது. நிறை தெரியும்.

நீளமானது:
ஆறும் ஆறுமாய்ப் பன்னிரண்டு சிலிண்டர்,
கும்பிட்ட கை பாதியில் விரிந்த மாதிரி.
கடல் தின்றது போகப் பன்னிரண்டு அந்தர்.
உருண்டையானது:
பதினான்கு, இரண்டு அடுக்கில்,
ஒவ்வொன்றிலும் மீன் செவுள் போல மடிப்பு.
கடல் தின்றது போகப் பத்துக்குக் கால் குறைவு.

இரண்டேகால் அந்தர் வித்தியாசம்.
தராசில் அது முள்ளின் ஒரு சின்ன நடை.
ஆகாயத்தில்
மெலிந்த ஆட்கள் இரண்டு பேர்
ஓட்டுகிறவன் மடியில் ஏறி
இறங்க மாட்டோம் என்று இருந்த மாதிரி.

மட்டிக்களியில் பஸ் எஞ்சின் இறக்குகிற வில்லவராயன்
பிளேன்டீயை ஆறவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தான்.
"நீளமானதுக்கு நெற்றி ஒடுக்கம், காற்றைக் கீறிப் போகும்.
மேலே காற்று மெலிந்தாலும் மூச்சு முட்டாது,
பின்னால் ஊதி வைத்திருக்கிறான் பாருங்கோ.
ஆனால் தண்ணி குடிக்கிற சாமான்.
குழாயில் ஒரு விரற்கடை ஓட்டை,
நாலைந்து நிமிஷத்தில் உள்ளே எல்லாம் ஒட்டிப் பிடித்துவிடும்.
உருண்டை காற்றிலேயே வேர்வை ஆற்றும்.
ஒரு சிலிண்டர் செத்தாலும் இருமி இருமி வீடு சேரும்.
நெற்றிதான் அகலம். முட்டி முட்டித்தான் போக வேணும்."

நீ என்றால் எதைப் பூட்டுவாய் என்று கேட்டேன்.

"உயர நின்று விழுகிற சண்டைக்கு நீளம்.
பதிவாய்ச் சுற்றுகிற சண்டைக்கு உருண்டை.
வருகிறவன் எந்த உயரத்தில் வருவான் என்று
கேட்டுவிட்டா அக்கா எஞ்சின் பூட்டுகிறது?"
பிறகு, சீனன்குடாப் பக்கம் பார்த்துக்கொண்டு:
"அன்று காலை இவர்கள் ஏறத் தொடங்கியது பிந்திவிட்டதாம்.
மேலே நல்லா மூச்சு விடுகிற எஞ்சின்.
மேலே போய்ச் சேரவில்லை."

கொழும்பு வியாபாரி வெள்ளிக்கிழமை வந்தார்.
அலுமினியம் அலுமினியந்தான் என்றார்.
இரண்டுக்கும் ஒரே விலை.
பேரம் பேச எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

காபரேற்றர் இரண்டையும் மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.
மண்ணெண்ணெயில் ஒரு கிழமை ஊறின.
நீளத்தினுடையதைத் திறந்தால்
உள்ளே பித்தளை மிதவை, ஊஞ்சல் போல.
கவிழ்த்தேன். டக்.
"மூக்கைச் சட்டென்று கீழே அமத்தினால் இதுதான் நடக்கும்,"
என்றான் வில்லவராயன்.
"பெற்றோல் மேலே எழும்பும்.
எஞ்சினுக்கு முதலில் பட்டினி, பிறகு புரையேறல்.
துரத்துகிற நேரத்தில்."
உருண்டையினுடையதையும் கவிழ்த்தேன்.
டக்.
அதே சத்தம்.

இரண்டு நாடு, இரண்டு மேசை,
எதை விட்டு எதை எடுப்பது என்று இராத்திரி இராத்திரியாய்
கோடு கீறியிருப்பார்கள்.
தொண்டை மட்டும் ஒன்றாய்ப் போயிற்று.

இல்லை, முழுக்க ஒன்றில்லை.
நீளமானதின் குழாய்க்குள்
நடுவில் துளையிட்ட ஒரு தட்டு இருந்தது,
ஒரு சதக் காசளவு.
புரையேறாமல் இருக்க
யாரோ பிறகு யோசித்துச் செருகியது.

எடுத்துத் துடைத்தேன்.
பழக்க தோஷம், தராசில் போட்டேன்.
முள் அசையவில்லை.