குழாய் எண் எண்பத்தெட்டு

கலாசின் மாகாணத்தில்
ஒட்டரிசி விளையும் ஏழு ஊர்களின் ரத்தம்
மைனஸ் எண்பதில் உறங்கிக் கிடந்தது
பன்னிரண்டு வருடம்.
இன்று எழுப்புகிறேன்.

கதவைத் திறந்ததும் வெண்புகை.
கையுறைக்குள் விரல் மரத்துப்போக
முந்நூற்றுப் பன்னிரண்டு குழாய்களை
எண் பார்த்து அடுக்குகிறேன்.
அன்று விகாரை மண்டபத்தில்
வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றவர்கள்.
ஊசி குத்தியவள் நான்.
ரப்பர் பட்டை அறுந்துபோய்
சைக்கிள் டியூபைக் கத்தரித்துக் கட்டியதும் நான்தான்.
அப்போது ஒருவர் சிறுநீரகத்திலும் கல் இல்லை,
ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் சேர்த்தோம்.

கேள்வி இதுதான்:
ரத்தத்துக்கு முன்பே தெரிந்திருந்ததா?

சிறுநீரை விசாரிப்பது சுலபம்,
வாசல் வரை வந்துவிட்ட சாட்சி அது.
ரத்தம் உள்வீட்டு ஆள்.
எதைக் கேட்டாலும்
எல்லாம் நல்லபடி என்று சொல்லிவிடும்.
யூரிக் அமிலம் எவ்வளவு,
கால்சியம் ஏன் விளிம்பில் நிற்கிறது,
பாராதைராய்டுக்கு என்ன இத்தனை அவசரம் என்று
இயந்திரம் துருவித் துருவிக் கேட்கிறது.
நான் நடுவில் எழுந்து தேநீர் போடுகிறேன்.

நாற்பத்தொன்று, தோங்பூன்,
கரும்பு லாரி ஓட்டுபவர்.
மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?
அவருக்குக் கனம் விலாவுக்குப் பின்னால் இருந்தது.
போன மாசி வெயிலில்
நெடுஞ்சாலை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு
சிந்திய கரும்புச் சக்கையில் புரண்டாராம்.
பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அவர் ரத்தத்தில்
யூரிக் அமிலம் ஒன்பதைத் தொட்டிருக்கிறது.
சொல்லத்தான் செய்திருக்கிறது.
நாங்கள் மூடி திருகி
ஃப்ரீசரில் வைத்துவிட்டோம்.

நூற்றறுபது, சம்ருவாய்.
எண்களெல்லாம் இளம்பிக்குவைப் போல அடக்கம்.
நடவு நேரத்தில் வந்தது வலி.
கூலி ஆளுக்குக் கடன்,
அறுவைக்குக் கடன்.
புளியங்கொட்டை அளவில் அந்தக் கல்லை
மாத்திரை உறையில் மடித்து வந்து
மேசைமேல் வைத்தார்:
"இதை எடுத்துக்கொண்டு ஏதாவது தருவீர்களா?"

எல்லா எண்ணும் உச்சத்தில் இருந்தது
இருநூற்று மூன்றில். காம்பாங்.
பப்பாளிக்காய் இடித்து விற்கிறாள்.
கல் இல்லை, இன்றுவரை மணல்கூட இல்லை.
பயமுறுத்தாமல் சொல்லி வா என்று என்னை அனுப்பினார்கள்.
"இந்த மாதிரி நூறு பேரில்
இருபது பேருக்கு வருகிறது" என்றேன்.
உலக்கையை நிறுத்தினாள்.
"அந்த இருபதில் நான் இருக்கேனா,
அதைச் சொல்."
பதில் இல்லாமல் தின்றேன்.
மிளகாய் நாலு கூடவே போட்டிருந்தாள்.
இரண்டு குவளை தண்ணீரை நான் மடக்கென்று குடிப்பதைப் பார்த்து
"உனக்கு வராது போ" என்றாள்.

திரையில் கோடு மேலேறி வளைகிறது.
பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று.
காசு சுண்டிப் போட்டால் புள்ளி ஐந்து,
கடவுளுக்கு ஒன்று.
மோசமில்லை என்றார் டாக்டர் பட்சரின்.
அவர் முகத்தில் நல்ல களைப்பு.

பட்டியலைக் கீழே உருட்டினேன்.
எண்பத்தெட்டு, புன்ருவான்.
குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு
என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டவள்.
மூன்றாம் வருட வெள்ளத்தில்
எருமையை அவிழ்க்கப் போனவள் திரும்பவில்லை.
இயந்திரத்துக்கு அது தெரியாது.
அவளுக்கும் கணித்து வைத்திருக்கிறது:
பத்து வருடத்துக்குள் கல் வர
பதினொரு சதவீதம்.

இறந்த தேதியோடு
அந்த வரியை நிறுத்திவிடு என்றார் டாக்டர்.
நிறுத்தினேன்.

இளகிய ரத்தத்தை
மறுபடி உறைய வைக்கக் கூடாது, விதி.
எல்லாக் குழாய்களும் மஞ்சள் பைக்குள் போய்விட்டன.
இதில் இன்னும் நாலைந்து சொட்டு இருக்கிறது.
மூடியைத் திருகி
உள்ளங்கையில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் சூடேறிவிட்டது.
விளக்கணைக்க வந்த காவலாளி
வாசலில் நின்று
இரண்டாம் முறையாகக் கேட்கிறார்,
முடிந்ததா என்று.