மிதி, பிடி, விடு

பிர்கத் அல் மவ்ஸ் சோதனைச் சாவடிக்கு மேலே
மூன்றாவது வளைவில்
பெடல் தரையைத் தொட்டுவிட்டதாம்.
நாற்பது பெட்டி மாதுளையோடு
சரளை மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்
ஸாஹிர் அல் ரியாமி.
"வண்டிக்கு ஒன்றுமில்லை,
பழம்தான் எல்லாம் போச்சு" என்றார்
நிஸ்வா சனையாவில் என் ஷெட் வாசலில்
இழுவை வண்டிக்குக் காசு எண்ணியபடி.

எழுபத்து நாலு மாடல் பிக்கப்.
நாலு சக்கரத்திலும் டிரம்.
விற்றுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவன்
பானெட்டின் மேல் அவர் கை வைத்திருந்த விதத்தைப் பார்த்து
முன்னால் இரண்டுக்கும் டிஸ்க் மாற்ற
முன்னூறு ரியால் ஆகும் என்றேன்.
இருநூற்று ஐம்பது என்றார்.
காவா வந்தது.
இருநூற்று எண்பது.

முன் டிரம் கழல மறுத்தது.
சுத்தியலால் ஓங்கி அறைந்தேன்.
டிரம் என்றால் முரசுதானே,
சனையா முழுக்கக் கேட்டது.
கல்யாணமா சாவா என்று
எட்டிப் பார்த்தார் டயர்க்கடை குஞ்ஞுமோன்.
உள்ளே
தேய்ந்த பிறைகளாய் இரண்டு ஷூ,
ஒரு கைப்பிடி கருந்தூசி.
ஊதப் போன ரஃபீகுலைக்
காலரைப் பிடித்து இழுத்தேன்.
பழைய ஆஸ்பெஸ்டாஸ்டா அது.
தண்ணீர் தெளித்துத் துடை.

பர்கா ஸ்கிராப்பில்
பிந்திய மாடல் அச்சு ஒன்று கிடைத்தது.
தட்டைக் கடைசலுக்குக் கொடுத்தேன்,
காலிப்பருக்குப் புது ரப்பர் போட்டேன்.
டிரம் எல்லாவற்றையும் மூடி வைத்துக்கொள்ளும்,
சூட்டை, தூசியை, வாதியில் இறங்கிய தண்ணீரை.
தட்டு வெட்டவெளியில் சுழலும்.
இரண்டு விரலால் அப்பளம் பிடிக்கிற மாதிரி
காலிப்பர் அதைப் பிடிக்கும்.
பழைய ரிம் அதில் உரசியது.
ரிம்முக்கு இன்னும் அறுபது,
அதற்கும் ஒரு காவா.

காற்று எடுக்க
ரஃபீகுல் மேலே, நான் கீழே.
சில்ஹெட்காரன் அவன்,
தெரிந்த தமிழ் மூன்றே சொல்.
மிதி என்பேன், மிதிப்பான்.
பிடி என்பேன், பிடிப்பான்.
நிப்பிளைத் திறப்பேன்.
குமிழியும் தேயிலை நிற ஆயிலும்
டியூபில் வழிந்து பாட்டிலில் இறங்கும்.
மூடியபின், விடு.

ஓட்டிப் பார்த்துத் திரும்பினால்
கருகல் வாடை.
தட்டில் எச்சில் துப்பினேன், சீறியது.
காலை எடுத்தும்
பேடு விலகவில்லை.
ஹோஸ் மாற்றினேன்.
காலிப்பரைப் பிரித்து மாட்டினேன்.
இரண்டு நாள்.
மூன்றாம் இரவு தங்கை புருஷன்
சீட்டுப் பணம் கேட்டுப் போன் செய்தார்.
சரி சரி என்று வைத்துவிட்டு
பாத்திரம் கழுவி
பாய் விரித்துப் படுத்த பிறகுதான் தெரிந்தது,
இன்னமும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுந்து போய்
டார்ச் வெளிச்சத்தில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன்.
வாயிலேயே இருந்தது,
பட்டாணி அளவு ரப்பர் வால்வு, ஒரு ஸ்பிரிங்.
கால் எடுத்த பிறகும்
குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைப்பது அதன் வேலை.
ஷூவுக்கு அது வேண்டும்,
இல்லையென்றால் ரொம்பப் பின்வாங்கிவிடும்.
தட்டுக்கு ஆகாது.
முன் சக்கர வாயிலிருந்து எடுத்து
நட்டு டப்பாவில் போட்டேன்.
என்னது என்று காலையில் கேட்டான் ரஃபீகுல்.
தெரிந்த எந்த மொழியிலும்
எனக்கு அதற்குப் பெயர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை
சைக் மேட்டிலிருந்து இறங்கினோம்,
ஒரே சீட்டில் மூன்று பேர்,
பின்னால் கடைசிப் பறிப்பு.
சரளை மேட்டில்
காய்ந்த மாதுளைத் தோல் இன்னும் கிடந்தது.
அந்த வளைவில்
ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றியபடி
பெட்டி என்ன விலை போகும் என்று
ஸாஹிர் சொல்லிக்கொண்டே வந்தார்.
வண்டி சொன்ன இடத்தில் நிதானித்தது.
நான் என் பக்கத்து மேட்டில்
இல்லாத பெடலை
மிதித்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்த ரஃபீகுல்
குனிந்து என் காலைப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்து
மெதுவாகச் சொன்னான்,
விடு.