வேர்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
வெயில் விழாத என் பட்டறையில்
முப்பத்தொரு பல் பீங்கானில்,
பதினொன்று கல்லில்.
முதல் வகையைத் தேடி ஆள் வரும்.
இரண்டாம் வகைக்கு நான்தான் ஆள்.

இந்த மாவட்டத்தில் தோண்டிப் பயனில்லை.
வாய் என்ற ஒன்று உலகில் உண்டாவதற்கு முன்பே
வெந்து இறுகிவிட்டது வேளிமலைப் பாறை.
அது தெரிந்தும்
மணவாளக்குறிச்சிக் கரிமணலைச்
சல்லடையில் அலசியிருக்கிறேன்.
கிடைத்தது ஒரு சங்குத் துண்டு,
நாலு கண் வைத்த சட்டைப் பொத்தான்.

ஆகவே எனக்குப் பல் கப்பலில் வருகிறது.
குளச்சல் கிளிட்டஸ், சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை,
காசாபிளாங்காவில் இறங்கினால் வாங்கி வருவான்.
"என்ன வோய் இது, முதலையா?"
"முதலையைத் தின்னது."
"அதுக்கும் நீரு பல்செட்டு கட்டுவீரோ?"

இந்தமுறை உள்ளங்கையைத் தாண்டி நீண்டது.
அரபி எழுத்துச் செய்தித்தாளுக்குள்
கருந்தேன் நிறத்தில் ஒரு வளைவு,
ஓரம் முழுக்க அரம்.
விரலை ஓட்டினேன்.
இத்தனை கோடி ஆண்டு கழித்தும்
கையுறை கிழிந்தது.

கீழே அகலமாக வேர்.
வேரோடு கிடைப்பது அபூர்வம்,
விலை அதற்குத்தான் என்றானாம் கடைக்காரன்.

விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன்.
சாந்து இறுகும்போது வருகிற ஊசிமுனைக் குமிழிகள்.
ஈரம் காயுமுன் மணல் தூவிய கை.
ஒட்டு தெரியாமலிருக்கக்
கத்தி நுனியால் கீறிய விரிசல்.
வலக்கைக்காரன். அவசரப்படாதவன்.
நானாக இருந்தால்
நிறத்தை ஒரு சாயல் குறைத்திருப்பேன்.

கோபம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன்.
பிறகு அசிட்டோனில் பஞ்சை நனைத்து
ராத்திரி முழுக்கத் துடைத்தேன்.
வேர் கிண்ணத்தில் சேறாயிற்று.

பல்லின் அடியில் குடைந்த பள்ளம்.
கீழிருந்து புதுப்பல் முட்டி முட்டி
அசல் வேர் கரைந்துபோன இடம்.
இது தானாக உதிர்ந்தது.
யாரோ ஒருவனின் தொடையில் இதை விட்டுவிட்டு
அது பாட்டுக்கு நடந்து போயிருக்கிறது,
அடுத்த பல் ஏற்கெனவே முளைத்திருக்க.

வேர் வைத்து
அதை அன்றைக்கே சாகடித்திருந்தான்
அந்த மொராக்கோக்காரன்.

காலையில் ஷட்டரைத் தூக்கினால்
ரோஸ்லெட் டீச்சர். கீழ்வரிசை செட்டு.
பொருத்தினேன். "கடிங்க."
நீலக் காகிதத்தில் இரண்டு புள்ளி.
ராவினேன். "இன்னொருக்கா கடிங்க."
"எலும்பு கடிக்கலாமா?"
"மீன் முள்ளோட நிறுத்துங்க டீச்சர்."
கண்ணாடியில் பார்த்தார், நாக்கால் துழாவினார்.
"அசல் மாதிரியேதான் இருக்கு."
சொல்லிவிட்டு ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார்.

கிண்ணத்துச் சேறு மேசையில் காய்ந்திருந்தது.
கொட்ட மனசு வரவில்லை.
பழைய வாசலின் டப்பாவில் வழித்துப் போட்டு
மூடியில் எழுதினேன்:
பன்னிரண்டு – அ.