பத்துக்கு மிஞ்சி ஒன்பது

அறுவைக்கு முன் ஜெபிக்க வேண்டியவர்
கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்ந்தவர்.
மடகாஸ்கரின் தெற்கில், இந்தத் தகரக் கூரை மருத்துவமனையில்
அப்படி ஒரு வழக்கம்.
நான் வந்து பதினோரு நாள்.

நார்வேயிலிருந்து வேதாகமம் கொண்டு வந்திருந்தேன்,
வயிற்றுப்போக்குக்கு மாத்திரை,
சபையார் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு வாழ்த்து அட்டை.
அத்தனையும் விடுதியில்.
இங்கே மேசைமேல் நீரிசுவா,
இரண்டு நாள் வலியோடு மாட்டுவண்டியில் வந்தவள்.
முதுகில் ஊசி போட்டாயிற்று.
இடுப்புக்குக் கீழே மரம்,
மேலே இரண்டு கண்கள்
என் வாயையே பார்த்துக்கொண்டு.

"உன் மொழியிலேயே சொல்" என்றாள் தாதி வுவாஹங்கி.
"அவருக்குப் புரியும். எங்களுக்கு ஆமென் தெரியும்."

வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.
பிறகு வந்தது,
ஐந்து வயதில், தீவில்,
அப்பா மீன் சட்டியின் மூடியைத் தூக்குமுன்
அவசரமாய் முணுமுணுத்தது:
ஆண்டவரே, இந்த மீனுக்கு நன்றி,
கிழங்குக்கு நன்றி,
எதையும் மீதி வைக்க மாட்டோம்.

"அமேனா" என்றார்கள் மூவரும்.
டாக்டர் அந்த்ரியமிஹாஜா மட்டும்
முகக்கவசத்துக்குள் இருமினார்.
பெர்கனில் ஆறு குளிர்காலம் படித்தவர்.
அந்த வஸாஹா என்ன சொன்னாள் என்று
நீரிசுவா கேட்டாள்.
"சாப்பாட்டுக்கு நன்றி சொன்னாள்."
"நல்லது. நான் சாப்பிட்டு இரண்டு நாளாகிறது."

பிறகு கத்தி.

ரத்தம் ஒற்றும் துணிகளை எண்ணுவது என் வேலை.
இருபது என்று
பலகையில் சாக்கட்டியால் எழுதியவளும் நானே.
குழந்தை வந்தது,
நீலமாய், பிறகு சிவப்பாய், பிறகு ஒரே கோபமாய்.
எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்நேரம்
நான் வாளிமேல் குனிந்து
அவர்கள் கற்றுத் தந்த எண்களில்
இராய், ருவா, தெலு, எஃபத்ரா...
சிவி அம்பினி ஃபுலு.
பத்தொன்பதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்:
பத்துக்கு மிஞ்சி ஒன்பது.

இன்னொரு முறை எண்ணினேன்.
மிஞ்சியது ஒன்பதேதான்.

தையல் பாதி ஏறிவிட்டது.
வெளியே ஜெனரேட்டர் விக்கத் தொடங்கியிருந்தது.
"சரியா?" என்றார் டாக்டர், நிமிராமல்.
இருபது என்பது ஒரே சொல். ருவாபுலு.
நாக்கு அதைத் தயாராய் வைத்திருந்தது.
பதினோரு நாள் ஜெபத்தில்
ஒருமுறைகூட
அவ்வளவு சரளமாய் ஒரு சொல் வந்ததில்லை எனக்கு.

"ஒன்று குறைகிறது" என்றேன்.

கைகள் நின்றன.
போட்ட தையலைப் பிரித்தார்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை. வசவே தேவலை.
அவர் விரல்கள் உள்ளே தேட
வுவாஹங்கி கைபேசி வெளிச்சத்தோடு
தரையில் முழங்காலிட்டாள்
(நான் அன்று அதைக்கூடச் செய்யவில்லை).
மேசைக்கடியில் தேடினாள், வாளிக்குப் பின்னால் தேடினாள்,
கடைசியில் என் கணுக்காலைத் தட்டினாள்
மாட்டைத் தட்டுவதுபோல.
காலைத் தூக்கு.

என் மிதியடியின் அடியில்
கறுத்து, தட்டையாகி, ஒட்டிக்கொண்டு.

"எண்ணு" என்றாள். "முதலிலிருந்து. சத்தமாக."
எண்ணினேன்.
ருவாபுலு என்று முடித்தபோது
அறைக்குள் யாரோ,
யாரென்று இன்றுவரை தெரியாது,
"அமேனா."

விடிந்ததும் நீரிசுவாவின் மாமியார்
ஒரு தட்டுச் சோறு கொடுத்தனுப்பினார்,
மேலே உப்பு மீன் துண்டு.
கூடவே, அடிப்பிடித்த பானையில் ஊற்றிக் கொதிக்கவைத்த
பொன்னிறத் தண்ணீர்.
கைபேசியில் அம்மாவின் கேள்வி காத்திருந்தது:
ஞாயிறு கோவிலுக்குப் போனாயா?
அப்புறம் எழுதலாம். விரலில் இன்னும் அயோடின்.

தட்டுக்கு முன் தலை குனிந்தேன்.
சாப்பாட்டு ஜெபத்தை
இரவே செலவழித்தாயிற்று.

பசி.
சாப்பிட்டேன்.
எதையும் மீதி வைக்கவில்லை.