பள்ளத்தில் யாருமில்லை

லேவார்டன் நகரின் வடக்கு விளிம்பு.
உருளைக்கிழங்கு ஆலையின் கழிவுநீர் வந்து விழும் தொட்டி.
பிப்ரவரி; நாற்றம்கூட விறைத்துக் கிடக்கிறது.
வித்ஸ்கெ ஹூக்கெமா சைக்கிளைப் பூட்டாமல் சாய்த்துவிட்டு
ஒரு குவளைச் சேற்றை மொண்டு வருகிறாள்.

சேறு என்றா சொன்னேன்?
ஒரு சொட்டில் அந்த நாட்டு ஜனத்தொகையைவிட அதிகம்.
கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் கண்மண் தெரியாமல் தின்று
மீதி பதினொரு மணி நேரப் பட்டினிக்கு
உடம்புக்குள்ளேயே உருண்டை உருண்டையாகப்
பிளாஸ்டிக் சேர்த்துவைக்கும் பாக்டீரியாக் கூட்டம்.
மண்ணில் போட்டால் மண்ணாகும் பிளாஸ்டிக்.
கண்ணாடிக் குடில்களில்
தக்காளிக் கொடியைத் தாங்கும் கொக்கிகள் செய்கிறார்கள் அதில்.

இதுவரை கணக்கு இப்படி:
சேற்றை உலர்த்து, அமிலத்தில் வேகவை,
ஆவியை இயந்திரத்துக்குக் கொடு.
அது ஓர் எண்ணைத் துப்பும்.
முப்பத்தெட்டு சதவீதம்.
மேலாளர் டவ்வெ தொலைபேசியில் அந்த எண்ணை மட்டும் கேட்பார்,
வணக்கம்கூடச் சொல்லாமல்.
நாமும்தான் சொல்கிறோமே
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று.

இன்று அவள் சோற்றை
ஒவ்வொன்றாக எண்ணப் போகிறாள்.

நைல் சிவப்பு என்றொரு சாயம்.
நீரில் மங்கிக் கிடக்கும்,
பிசுக்கைத் தொட்டால் மட்டும் முகம் சிவக்கும்.
அதைக் குடித்த செல்கள்
மயிரிழையிலும் மெல்லிய நீரோட்டத்தில்
ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.
முண்டியடிக்க இடமில்லாத வரிசை.
நீல லேசரைத் தாண்டும் கணத்தில்
மடியில் கனமுள்ளது மினுங்கிவிடும்,
இல்லாதது இருட்டாகவே கடக்கும்.
நொடிக்கு மூவாயிரம்.

மினுக்கத்தை எடையாக்க
போன குளிர்காலம் முழுக்க நுண்ணோக்கியில் கண் பூத்திருந்தாள்.
ஒரு கிராமைப் பத்து லட்சமாக உடைத்து,
அதில் ஒரு துணுக்கை மறுபடி பத்து லட்சமாக உடைத்தால்
வருவதில் பாதி
ஒரு செல்லின் சேமிப்பு.

மலையே இல்லாத அந்த ஊரில்
திரையில் எழுந்தன இரண்டு குன்றுகள்.
இடப்பக்கம் வெறும் வயிறுகள்.
வலப்பக்கம் எழுபது சதவீதம் அடைத்துக்கொண்டு
தோல் விம்ம நிற்பவை.
நடுவே பள்ளம்.
முப்பத்தெட்டு அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.
அங்கே குடியிருப்பவர் எவருமில்லை.

சாயத்தைச் சந்தேகித்தாள்.
பிறகு குழாயில் சிக்கிய குமிழியை.
பிறகு தன்னை.
கருவியைக் கழுவி மறுபடி ஓட்டினாள்.
குன்றுகள் அசையவில்லை.

வெறும் வயிறுகளில் ஆயிரத்தைப் பிரித்தெடுத்து
தனிக் குடுவையில் ஊட்டினாள், பட்டினி போட்டாள்,
ஊட்டினாள்.
நாலாம் நாள் அவற்றின் வாரிசுகளிலும்
அதே இரண்டு குன்றுகள்.
சோம்பேறி வம்சம் என்று ஒன்று இல்லை;
ஊதாரியின் பிள்ளையில் ஒன்று கஞ்சன்,
கஞ்சனின் பிள்ளையில் ஒன்று
பங்கு பிரிக்கும்போது வெறுங்கையோடு போனது.

டவ்வெ நேரிலேயே வந்தார், ஈரக் கோட்டோடு.
திரையை வெகுநேரம் பார்த்தார்.
“இதில் நம்முடையவை எவை?”

வலப்பக்கத்தைக் காட்டினாள்.
அவற்றைத்தான் நாளை சோப்பு நீரில் உடைப்பார்கள்,
உருண்டைகளுக்காக.
இடப்பக்கத்தில் எடுக்க ஒன்றுமில்லை.

“அப்போது எண்?” என்றார் அவர்,
கதவருகே போய்த் திரும்பி.

அறிக்கையில் ஒரே ஒரு கட்டம்.
முப்பத்தெட்டு என்று நிரப்பினாள். பொய்யில்லை.
ஓரத்தில் பென்சிலால்
ஒட்டக முதுகுபோல் ஒரு கோடு இழுத்துவைத்தாள்.

ஸ்கேனரில் அது விழவில்லை.